தரையிலிருந்து ஒருவரைத் தூக்குவது

முதல் நாள் காலை மாடிப்படி ஏறி, வாசலில் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு உள்ளே போனேன். யார் வீட்டுக்குப் போனாலும் அப்படிச் செய்துதான் பழக்கம். உள்ளே பன்னிரண்டு பெண்கள் நின்றிருந்தார்கள். பன்னிரண்டு பேர் காலிலும் ஷூ. எதிர்ச்சுவர் முழுக்கக் கண்ணாடி பதித்திருந்தார்கள். அதில் என் வெறுங்கால் மட்டும் தனியாகத் தெரிந்தது.

பயிற்சி கொடுக்கிற பெண்ணுக்கு இருபத்தாறு வயதுக்கு மேல் இருக்காது. உடற்கல்வி படித்துவிட்டு, ராஜபாளையம் சாலையில் ஒரு மருந்துக் கடை மாடியைப் பிடித்துப் பெண்களுக்கு மட்டும் வகுப்பு நடத்திக்கொண்டிருந்தாள். அதற்கு முன்பு அது டியூஷன் சென்டராக இருந்த இடம். பின்சுவரில் கரும்பலகை அப்படியே இருந்தது.

“ஷூ கொண்டு வரலையாம்மா?” என்றாள்.

“இல்ல. தெரியாது.”

“பரவால்ல. இன்னைக்குக் குதிக்காம பண்ணுங்க. பின்னால நின்னுக்கிடுங்க.”

மற்றவர்களை எல்லாம் அவள் மேம் என்று கூப்பிட்டாள். என்னை மட்டும் அம்மா என்றாள். அதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை. ஆனால் அந்த ஒரு சொல்லிலேயே நான் எந்த வரிசை என்பது முடிவாகிவிட்டது. கரும்பலகை ஓரமாகப் போய் நின்றேன்.

எனக்கு அப்போது நாற்பத்தொன்பது வயது. சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே ஒரு பத்திர எழுத்தரிடம் இருபத்திரண்டு வருடமாகத் தட்டச்சு வேலை. முதலில் தட்டச்சு எந்திரம், பிறகு கம்ப்யூட்டர். காலை ஒன்பதரைக்கு நாற்காலியில் உட்கார்ந்தால் சாயங்காலம் ஆறுக்கு எழுந்திருப்பேன். கிழக்கே இன்னார் புஞ்சை, மேற்கே வண்டிப்பாதை, தெற்கே ஓடை என்று ஊர் நிலத்துக்கெல்லாம் எல்லை அடித்துக் கொடுத்திருக்கிறேன். என் கை விரல் பத்தும் ஓடும். மற்றபடி உடம்பு என்று எனக்கு ஒன்று இருப்பதை நினைத்ததே இல்லை. கடைசியாக ஓடியது எட்டாம் வகுப்பில்.

பாட்டைப் போட்டார்கள். நெஞ்சுக்குள் யாரோ குத்துகிற மாதிரி இருந்தது அந்தச் சத்தம். அவள் முன்னால் நின்று ஆங்கிலத்தில் ஒரு சொல் சொல்லுவாள். உடனே பன்னிரண்டு பேரும் ஒரே மாதிரி உட்காருவார்கள், எழுவார்கள், காலை முன்னால் வைப்பார்கள். எனக்கு அந்தச் சொல் எதுவும் தெரியாது. பக்கத்தில் நிற்பவரைப் பார்த்துச் செய்வேன். நான் உட்காரும்போது அவர்கள் எழுந்திருப்பார்கள். கண்ணாடியைப் பார்த்துச் செய்யலாம் என்றால் இடதும் வலதும் மாறிப் போனது. ஒரு தடவை நான் வலதுபக்கம் போக, எல்லாரும் இடதுபக்கம் வர, முன்னால் நின்ற பெண்ணின் மேல் போய் முட்டினேன்.

அவள் திரும்பிப் பார்த்தாள். முப்பத்தைந்து வயது இருக்கும். இங்கே ஒரு வங்கியில் வேலை பார்க்கிறவள் என்று பிறகு தெரிந்துகொண்டேன். “பாத்து” என்றாள், அவ்வளவுதான். பிறகு ஒரு அடி முன்னால் தள்ளி நின்றுகொண்டாள்.

வகுப்பு முடிந்ததும் எல்லாரும் எடை பார்க்கிற எந்திரத்தில் ஒவ்வொருவராக ஏறினார்கள். பயிற்சிப் பெண் சத்தமாக வாசித்து ஃபோனில் குறித்துக்கொண்டாள். என் முறை வந்தது. ஐம்பத்திரண்டு கிலோ. யாரோ சிரித்தார்கள். பிள்ளை பெற்று ஆறு மாதமான ஒரு இளம்பெண், “அக்கா, நீங்க ஏற்கெனவே ஒல்லியாத்தான இருக்கீங்க? எதைக் கொறைக்கதுக்கு வாரீங்க?” என்று கேட்டாள். கிண்டலாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே அவளுக்குப் புரியவில்லை.

“சும்மாதான்” என்றேன்.

அங்கே யாரும் சும்மா வரவில்லை. அவளுக்குப் பிள்ளை பெற்ற வயிறு குறைய வேண்டும். இரண்டு டீச்சர்களுக்குச் சர்க்கரை. வங்கிக்காரிக்கு முதுகுவலி. எல்லாரிடமும் குறைக்க ஏதோ ஒன்று இருந்தது. அதைப் பற்றியே பேசினார்கள். ராத்திரிச் சோற்றை விட்டது, சனிக்கிழமை மட்டும் பிரியாணி சாப்பிட்டது, பழைய ஜாக்கெட் இப்போது சேர்வது. எனக்கு அந்தப் பேச்சில் நுழைய வழியே இல்லை. நான் எதையும் குறைக்க வரவில்லை. எண்பத்து நான்கு கிலோ எடையைத் தரையிலிருந்து தூக்கக் கற்றுக்கொள்ள வந்திருந்தேன்.

அந்த எண்பத்து நான்கு கிலோ என் கணவர்.

சங்கரன்கோவிலிலிருந்து திருவேங்கடம் போகிற தனியார் பஸ்ஸில் இருபது வருடத்துக்கு மேல் டிரைவராக இருந்தவர். ஒரு நாள் பஸ் ஸ்டாண்டில் வண்டியை எடுக்கப் போனவர் ஸ்டியரிங்கில் அப்படியே சாய்ந்துவிட்டார். இடது கையும் இடது காலும் போயின. பேச்சு கொஞ்சம் குழறும், ஆனால் புரியும். எங்கள் ஒரே மகள் திருப்பூரில் கட்டிக்கொடுத்த இடத்தில் இருக்கிறாள். வீட்டில் நாங்கள் இருவர்தான். நான் வேலைக்குப் போயிருக்கும்போது எதிர்வீட்டு அக்கா அவ்வப்போது வந்து எட்டிப் பார்ப்பாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் அவரைக் குளிக்க வைத்துக்கொண்டிருந்தேன். பிளாஸ்டிக் நாற்காலி வழுக்கி, அவர் சுவருக்கும் தொட்டிக்கும் நடுவே சரிந்து உட்கார்ந்துவிட்டார். அக்குளுக்குள் கையைக் கொடுத்துத் தூக்கினேன். ஒரு சாண் நகர்ந்தார். மறுபடியும் சரிந்தார். சோப்பு வழுவழுப்பு. எனக்கு மூச்சு வாங்கியது. அக்காவைக் கூப்பிட்டேன். இரண்டு பேரும் இழுத்தோம். முடியவில்லை. அன்று பெரிய முகூர்த்தம், தெருவில் ஆம்பளைகள் ஒருவர்கூட இல்லை. அவர் ஈரத் தரையில் முக்கால் மணி நேரம் கிடந்தார். கடைசியில் அக்கா தெருமுனை டீக்கடையிலிருந்து முன்பின் தெரியாத இரண்டு பேரைக் கூட்டிவந்தாள். நான் அவர் மேல் ஒரு துண்டைப் போட்டேன். தூக்கும்போது துண்டு நழுவி விழுந்தது.

அந்த இரண்டு பேரில் ஒருவர் நல்லவர். ஆறுதலாகத்தான் சொன்னார்: “அண்ணாச்சி வண்டியில நான் எத்தன தடவ போயிருக்கேன். என்னத் தெரியுதா அண்ணாச்சி?”

அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

அவர்கள் போன பிறகு, துவட்டி வேட்டி கட்டிவிடும்போது, “இனிம நான் விழுந்தா அங்கனயே கெடக்கட்டும்” என்றார். “வெளியாளக் கூப்பிடாத.”

“பெறவு நான் எப்படித் தூக்க?”

“தூக்காத.”

அதற்கு அடுத்த வாரம்தான் அந்த மாடிப்படி ஏறினேன். வாரம் ஐந்து நாள், காலை ஐந்தேமுக்காலிலிருந்து ஆறேமுக்கால் வரை. அந்த நேரம் அவர் தூங்கிக்கொண்டிருப்பார். வீட்டை வெளியில் பூட்டிவிட்டுத்தான் போக வேண்டும். முதல் நாள் பூட்டை இரண்டு தடவை இழுத்துப் பார்த்தேன். எங்கே போகிறேன் என்று அவரிடம் சொல்ல முடியவில்லை. உங்களைத் தூக்குவதற்குப் பழகப் போகிறேன் என்று ஒரு மனுஷனிடம் எப்படிச் சொல்வது. கோயிலுக்கு வேண்டிக்கொண்டிருக்கிறேன், இரண்டு மண்டலம் காலையில் போய்ச் சுற்றிவிட்டு வருகிறேன் என்றேன். அவர் என்னையே பார்த்தார். பிறகு, “மழைன்னா போகாத” என்றார்.

முந்தின நாள் ஒரே ஒரு தடவை கோயிலுக்குப் போய், புற்றுமண் கொஞ்சம் அதிகமாகவே வாங்கி வந்து அலமாரியில் வைத்திருந்தேன். நோய்க்கு அந்த மண்ணைப் பூசுவது எங்கள் ஊர் வழக்கம். தினமும் வகுப்பிலிருந்து வந்ததும் குளித்துவிட்டு, அதில் ஒரு சிட்டிகை எடுத்து அவர் நெற்றியிலும் விளங்காத கையிலும் பூசிவிடுவேன். அவர் கண்ணை மூடிக் காட்டுவார்.

வகுப்பில் நாட்கள் போகப் போகச் சுலபமாகும் என்று நினைத்தேன். ஆகவில்லை. மகள் விட்டுப்போன ஒரு பழைய சுடிதாரைப் போட்டுக்கொண்டு போனேன். இருபத்தாறு வருடமாகச் சேலை மட்டுமே கட்டியவளுக்கு அது உடுத்தாத மாதிரி இருந்தது. துப்பட்டாவை இடுப்பில் முடிந்துகொண்டேன். பயிற்சிப் பெண் அதை அவிழ்த்து வைக்கச் சொன்னாள். கையைத் தூக்கும்போதெல்லாம் கண்ணாடியில் என்னைப் பார்க்காமல் இருக்கக் கரும்பலகைப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்வேன்.

இரண்டாவது வாரம் ஷூவோடு போனேன். அன்றைக்குக் குதிக்கச் சொன்னாள். கையையும் காலையும் விரித்துக் குதித்து, சேர்த்துக் குதித்து, முப்பது தடவை. எட்டாவதோ ஒன்பதாவதோ குதிக்கும்போது சிறுநீர் கசிந்தது. நின்றேன். “நிக்காதீங்கம்மா, மெதுவா பண்ணுங்க” என்றாள். மெதுவாகக் குதித்தேன். மறுபடியும் கசிந்தது. சுடிதாரின் சாம்பல் நிறத்தில் ஈரம் கருப்பாகத் தெரிந்தது. துப்பட்டாவை எடுத்துக் கட்டிக்கொண்டு, வயிற்றுவலி என்று சொல்லிக் கீழே இறங்கிவிட்டேன். வீடு வரை நடந்துதான் போனேன். பால்காரர், பேப்பர் போடுகிறவர், வாசல் தெளிக்கிறவர்கள் எல்லாரையும் தாண்டி, துப்பட்டாவைப் பிடித்தபடி.

வீட்டுக்கு வந்து குளியலறைத் தரையில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். அன்று மண் பூசும்போது அவர், “என்னட்டி, முகம் ஒருமாதிரி இருக்கு?” என்றார்.

“கூட்டம்” என்றேன்.

மறுநாளிலிருந்து பழைய துணியை மடித்து வைத்துக்கொண்டு போனேன். யாரிடமும் சொல்லவில்லை. அந்தப் பன்னிரண்டு பேரில் வேறு யாருக்காவது அப்படி ஆகியிருக்கும் என்று இப்போது தோன்றுகிறது. அப்போது தோன்றவில்லை.

வெள்ளிக்கிழமைகளில் இரண்டிரண்டு பேராகச் சேர்ந்து செய்கிற பயிற்சி. என்னையும் சேர்த்துப் பதின்மூன்று பேர் என்பதால் ஒருவர் மிஞ்சுவார். மிஞ்சுவது நான்தான். “அம்மா, நீங்க ரெஸ்ட் எடுத்துக்கிடுங்க” என்பாள். அன்றைக்கு வீடியோவும் எடுப்பாள், விளம்பரத்துக்கு. ஃபோனை ஒரு ஸ்டாண்டில் பொருத்திவிட்டு, “அம்மா, கொஞ்சம் அந்தச் சுவர்ப் பக்கமா வந்துருங்க, வீடியோல விழுதீங்க” என்பாள். நான் வீடியோவுக்குள் விழாத இடமாகப் பார்த்து நிற்பேன். எல்லாரும் சேர்ந்து கைதட்டி ஒரு சத்தம் கொடுப்பார்கள். நான் தண்ணீர் பாட்டிலைத் திறந்து மூடிக்கொண்டிருப்பேன்.

ஒரு வெள்ளிக்கிழமை முடிந்து எல்லாரும் இறங்கிக்கொண்டிருக்கும்போது அவளிடம் போய் நின்றேன்.

“ஒரு சந்தேகம். தரையில கெடக்க ஆள எப்படித் தூக்க?”

“எந்த ஆளம்மா?”

“பெரிய ஆளு. ஒரு பக்கம் விளங்காது.”

ஃபோனைப் பார்த்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள். நான் சொன்னேன். குளியலறையைச் சொன்னேன், டீக்கடை ஆட்களைச் சொன்னேன், துண்டு விழுந்ததை மட்டும் சொல்லவில்லை. வங்கிக்காரி படிக்கட்டில் ஷூ நாடாவைக் கட்டிக்கொண்டிருந்தாள். அவள் காதில் விழுந்திருக்கும்.

“இத ஏன் முதல் நாளே சொல்லல?” என்றாள் பயிற்சிப் பெண். “உங்களப் போட்டுச் சும்மா குதிக்க வச்சுக்கிட்டு இருந்திருக்கேன்.”

அவளுக்கும் அது தெரியாது. தெரியாது என்று ஒளிக்காமல் சொன்னாள். தன்னோடு படித்த, பாளையங்கோட்டையில் பிசியோதெரபி பார்க்கிற ஒரு தோழியிடம் ஃபோனில் கேட்டாள். மறுவாரத்திலிருந்து எனக்கு மட்டும் வேறு பயிற்சி. ஒரு சாக்கில் மணல் நிரப்பித் தைத்து வைத்திருந்தாள். முதலில் பதினைந்து கிலோ. முதுகை வளைக்காமல், முழங்காலை மடக்கி, சாக்கை நெஞ்சோடு அணைத்து எழ வேண்டும். கை தூக்கக்கூடாது, தொடைதான் தூக்க வேண்டும் என்றாள். பிறகு இருபத்தைந்து கிலோ. பிறகு ஆளையே தூக்கச் சொன்னாள். அவளே தரையில் படுத்துக்கொண்டு, இடது கையையும் காலையும் செத்ததுபோல் போட்டுக்கொண்டாள். ஒருக்களிக்க வைத்து, உட்கார வைத்து, என் முழங்காலை அவள் முழங்காலுக்கு முட்டுக்கொடுத்து, விளங்குகிற கையை என் கழுத்தைச் சுற்றிப் போடவைத்து, அவளையும் உந்தச் சொல்லி ஒரே சமயத்தில் எழ வேண்டும். முதல் நாள் இரண்டு பேரும் சேர்ந்து கவிழ்ந்தோம். தாடை அவள் தோளில் இடித்து என் நாக்கு கடிபட்டது.

மற்றவர்கள் அந்தப் பக்கம் பாட்டுக்கு ஆடிக்கொண்டிருக்க, இந்தப் பக்கம் கரும்பலகைக்குக் கீழே நான் மணல் சாக்கைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்பேன். முன்பு தெரியாதவளாக நின்றேன், இப்போது நோயாளியின் மனைவியாக நின்றேன். யாரோ சொல்லியிருந்தார்கள். அவர்கள் என்னைப் பார்க்கிற விதம் மாறிப்போனது. இறங்கும்போது படியில் வழிவிட்டார்கள். ஒரு டீச்சர், “நீங்க பெரிய ஆளுக்கா” என்று என் கையைப் பிடித்தாள். சிரித்துவிட்டு வந்தேன். யாரும் பேசாத நாட்களே தேவலை என்றிருந்தது.

மூன்றாவது மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, தரையில் கிடந்த அவளை ஒரே மூச்சில் தூக்கி நிறுத்தி, திருப்பி நாற்காலியில் உட்கார வைத்தேன். அவள் அறுபத்தெட்டு கிலோ. எல்லாரும் கைதட்டினார்கள். எனக்கு அழுகை வந்தது, ஒளிக்க மாட்டேன். அந்த ஒரு நிமிடம் அந்த அறை எனக்கும் உரிய இடமாக இருந்தது. நான் இன்றைக்கு நினைத்து வெட்கப்படுவது அந்த ஒரு நிமிடத்தைத்தான். ஏனென்றால் அப்போது ஸ்டாண்டில் ஃபோன் ஓடிக்கொண்டிருந்தது. நான் பார்த்தேன். நிறுத்தச் சொல்லவில்லை.

நான்கு நாள் கழித்துச் சாயங்காலம் வேலை முடிந்து வந்தபோது வாசலில் ஒரு பைக் நின்றது. அவரோடு பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர், மாதத்துக்கு ஒரு தடவை வந்து பார்த்துவிட்டுப் போவார். கட்டில் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்து, ஃபோனை அவர் முகத்துக்கு நேரே பிடித்திருந்தார்.

“வாங்க மதினி” என்றார், முகமெல்லாம் சிரிப்பு. “நீங்க இப்ப ஊர்லயே பெரிய ஆளு. பஸ் ஸ்டாண்ட் பூரா இதத்தான் பாக்காங்க.”

ஃபோனிலிருந்து சோகமான புல்லாங்குழல் கேட்டது. நான் எட்டிப் பார்த்தேன். சுடிதாரோடு நான். மணல் சாக்கோடு நான். பயிற்சிப் பெண்ணைத் தூக்கிவிட்டு முகத்தைத் துடைக்கிற நான். அதற்கு மேலே பெரிய எழுத்தில், படுத்த படுக்கையான கணவருக்காக ஒரு மனைவி என்று ஓடியது. எங்கள் ஊர்ப் பெயரும் இருந்தது.

அவர் கடைசி வரை பார்த்தார். முடிந்ததும் வலது கைப் பெருவிரலால் தொட்டு இன்னொரு தடவை ஓடவிட்டார். கண்டக்டர் என்னென்னவோ பாராட்டிப் பேசிக்கொண்டிருந்தார். நான் அடுப்படிக்குப் போய் டீ போட்டேன். பால் பொங்கி வழிந்ததைப் பார்த்துக்கொண்டே நின்றிருக்கிறேன்.

கண்டக்டர் போன பிறகு இவர் ஒன்றும் கேட்கவில்லை. மறுநாள் காலை புற்றுமண்ணை எடுத்துக்கொண்டு போனபோது முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். மண்ணோடு நின்றேன். பிறகு அதை டப்பாவிலேயே போட்டு மூடினேன்.

அதற்கு மறுநாள் வகுப்புக்குப் போனது சண்டை போடத்தான். சண்டை போட வரவில்லை எனக்கு. “அத எடுத்துருங்க” என்று மட்டும் சொன்னேன்.

“ஏம்மா? எவ்வளவு பேரு பாத்து அழுதிருக்காங்க தெரியுமா? நல்லதாத்தான போட்டிருக்கேன்.”

“அவரு பாத்துட்டாரு.”

அவளுக்கு முதலில் புரியவில்லை. வங்கிக்காரிதான், “பாத்துட்டாருன்னா, அவருக்குத் தெரியாதா நீங்க இங்கன வாரது?” என்று கேட்டாள். தெரியாது என்று தலையாட்டினேன். பாட்டை யாரோ நிறுத்தினார்கள். பயிற்சிப் பெண் அங்கேயே ஃபோனை எடுத்து அழித்தாள். அழித்தால் போதுமா. அதற்குள் அது எத்தனை ஃபோனில் போய் உட்கார்ந்திருந்ததோ.

அதற்குப் பிறகு நான் வகுப்புக்குப் போகவில்லை. அவரும் என்னோடு தேவைக்கு மேல் பேசவில்லை. சோறு, தண்ணி, ஃபேன் என்று ஒற்றைச் சொல்லாகக் கேட்பார். மகள் ஃபோன் பண்ணி, “வீடியோ பாத்தேம்மா, எல்லாரும் என்கிட்ட பெருமையா சொல்லுதாங்க” என்றாள். அவளிடமும் ஒன்றும் சொல்லவில்லை.

பத்து நாள் இருக்கும். காலை ஒன்பது மணிக்கு வேலைக்குக் கிளம்பித் தலை சீவிக்கொண்டிருந்தேன். அறையில் ஏதோ விழுந்த சத்தம். தனியாகக் குளியலறைக்குப் போகப் பார்த்திருக்கிறார். கட்டிலுக்கும் கதவுக்கும் நடுவே ஒருக்களித்துக் கிடந்தார். வேட்டி நனைந்திருந்தது.

பக்கத்தில் மண்டியிட்டேன். அடி எதுவும் இல்லை. கற்றுக்கொண்டபடி ஒருக்களிக்க வைத்து, உட்கார வைத்தேன். முழங்காலை முட்டுக்கொடுத்தேன். “கைய என் கழுத்துல போடுங்க” என்றேன்.

அவர் போடவில்லை.

“போடுங்க. தூக்கிருதேன்.”

வலது கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அந்தக் கை வராமல் தூக்க முடியாது. மணல் சாக்குக்கு இந்தப் பிரச்சினை இல்லை. அந்தப் பெண் ஒரு தடவையும் கையைத் தராமல் இருந்ததில்லை. தரமாட்டேன் என்கிற ஆளை எப்படித் தூக்குவது என்று நான் கேட்கவும் இல்லை, அவள் சொல்லித்தரவும் இல்லை. நானும் அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டேன். அவருடைய ஈரம் என் சேலையிலும் ஊறியது. சுவர்க் கடிகாரம் ஒன்பதேகாலைத் தாண்டியது.

“கோயிலுக்குப் போகவே இல்லையா?” என்றார்.

“ஒரு நாள் போனேன்.”

“ஒரு நாளா?”

“மண்ணு வாங்க.”

வலது கையால் இடது கையைத் தடவிக்கொண்டார். பிறகு, “தெனம் நீ வரும்போது கை லேசா இருக்க மாதிரி இருந்துச்சு” என்றார். “சுகமாயிருவேன்னு நெனச்சேன்.”

மன்னித்துவிடுங்கள் என்று சொல்லியிருக்கலாம். எங்கள் வீட்டில் அந்தச் சொல்லைப் பேசிப் பழக்கம் இல்லை. அப்படியே உட்கார்ந்திருந்தோம். பத்து மணிக்கு அலுவலகத்திலிருந்து ஃபோன் அடித்தது. எடுக்கவில்லை. அது அடித்து ஓய்ந்த பிறகு அவர் கையைத் தூக்கி என் கழுத்தில் போட்டார். முகத்தைத் திருப்பிக்கொண்டுதான். நான் தொடையை ஊன்றி எழுந்தேன். அவரும் வந்தார். கட்டிலில் உட்கார வைத்து வேட்டியை மாற்றினேன். நெடுநாளாக ஆசைப்பட்டது நடந்துவிட்டது. வெளியாள் ஒருவரையும் கூப்பிடவில்லை. எனக்கு ஒரு துளி சந்தோஷம் இல்லை.

அதற்குப் பிறகு பேசிக்கொண்டோம், முன்பு மாதிரி இல்லாவிட்டாலும். இரண்டு தடவை விழுந்தார். இரண்டு தடவையும் கையைக் கொடுத்தார். ஒரு தடவை, “வலிக்குதாட்டி?” என்று கேட்டார். இல்லை என்றேன். ஐப்பசி மழையில் காய்ச்சல் வந்து நெஞ்சில் சளி கட்டியது. திருநெல்வேலி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அங்கே நான்கு பேர் போர்வையின் நான்கு மூலையையும் பிடித்து ஒரே தூக்காகத் தூக்கிக் கட்டில் மாற்றினார்கள். நான் கையைக் கட்டிக்கொண்டு ஓரமாக நின்றேன். ஆறாம் நாள் இறந்தார். வீட்டில் குளிப்பாட்டும்போது சொந்தக்கார ஆண்கள் தூக்கினார்கள். நான் வருகிறேன் என்று ஒரு அடி எடுத்து வைத்தேன். “நீ இங்கன இரு மக்கா” என்று ஒரு அத்தை என்னைப் பிடித்து உட்கார வைத்துவிட்டாள்.

பதினாறாம் நாள் முடிந்து ஒரு வாரம் கழித்து அந்தப் பயிற்சிப் பெண்ணும் வங்கிக்காரியும் வீட்டுக்கு வந்தார்கள். கொண்டுவந்த பழத்தை எங்கே வைப்பதென்று தெரியாமல் மடியிலேயே வைத்திருந்தார்கள். அந்தப் பெண் என்னைப் பார்க்காமல், “அந்த வீடியோவால உங்களுக்குள்ள ஏதும் சண்டையாம்மா?” என்று கேட்டாள். அவள் வயதுக்கு அதைக் கேட்க வந்ததே பெரிது. இல்லை என்று பொய் சொல்லலாம் என்று நினைத்தேன். ஏற்கெனவே சொன்ன பொய்யே போதும் என்றிருந்தது.

“ஆமா” என்றேன். “முழுசா சரியாகல. அதுக்குள்ள போயிட்டாரு.”

அவள் அழுதாள். வங்கிக்காரி அவள் முதுகைத் தடவிக்கொண்டே என்னிடம், “வீட்ல தனியா இருக்காதீங்க. திங்கக்கிழமை வாங்க” என்றாள்.

உடனே போகவில்லை. இரண்டு மாதம் கழித்துப் போனேன். காலை ஐந்து மணிக்குத் தானாக விழிப்பு வந்துவிடும், பார்க்க வேண்டிய ஆள் இல்லை, அதனால்தான். வீட்டை வெளியில் பூட்டும்போது உள்ளே யாரும் இல்லை என்பது கைக்குத் தெரிய ரொம்ப நாள் ஆனது. வகுப்பில் என்னைப் பார்த்ததும் பேச்சைக் குறைத்துக்கொண்டார்கள். பாட்டின் சத்தத்தையும் பயிற்சிப் பெண் குறைத்தாள். அது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. “எப்பவும் போல வைங்க” என்றேன்.

இப்போதும் போகிறேன், வாரத்துக்கு மூன்று நாள். தோழிகள் என்று யாரும் ஆகவில்லை. முகம் தெரிகிறவர்கள் ஆகியிருக்கிறோம். போன மாதம் அவள் எல்லாருக்கும் ஒரு தாள் கொடுத்தாள். பெயர், வயது, எடை, கடைசியில் உங்கள் நோக்கம் என்று ஒரு கட்டம். ஊரில் பாதிப் பேருக்கு விண்ணப்பம் பூர்த்தி செய்து கொடுத்தவள் நான். எல்லாக் கட்டத்தையும் ஒரு நிமிடத்தில் நிரப்பிவிட்டு, அந்தக் கடைசிக் கட்டத்தில் பேனாவை வைத்துக்கொண்டு நின்றேன். அவள் வந்து எட்டிப் பார்த்தாள். என் கையிலிருந்து தாளை மெதுவாக வாங்கிக்கொண்டாள்.

“அது கெடக்கட்டும்மா. பெறவு எழுதிக்கிடலாம்” என்றாள்.